மென்பூச்சுக்குள் எக்ஸ் கதிர்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

மெல்லிய பூச்சுகளில் உள்ள நானோ துகள்களை எக்ஸ் கதிர்ச் சிதறலால் ஆராயும் கட்டுரைகளில் ஒரு படம் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் டிடெக்டரில் பதிந்த சிதறல் உரு, வலப்பக்கம் கணினி வரைந்த உரு. இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகும். படத்தின் கீழே ஒரு வரி: துகள்கள் அரைக்கோள வடிவின, ஆரம் இத்தனை நானோமீட்டர், இடைவெளி இத்தனை நானோமீட்டர். அந்த வரியில் உள்ள மூன்று செய்திகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதே என் வாதம். இடைவெளி அளந்து பெற்றது. ஆரம் கணக்கிட்டுப் பெற்றது. வடிவமோ, பெரும்பாலான கட்டுரைகளில், கணக்குப் போடுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டது.

ஆய்வகத்துக்குள் முடிந்துவிடும் சண்டை அல்ல இது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கட்டடக் கண்ணாடிகளில் இருக்கும் வெள்ளி அடுக்கின் தடிமன் பத்து நானோமீட்டரை ஒட்டியது. வெள்ளியும் தங்கமும் கண்ணாடியின் மீது சமமாகப் படர்வதில்லை. முதலில் தனித்தனித் தீவுகளாகத் திரள்கின்றன; தீவுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்ட பிறகே தொடர்ச்சியான படலம் உருவாகிறது. தீவாக நிற்கும்வரை வெள்ளி அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கி, வேண்டாத நிறத்தைக் காட்டும். ஆகவே எத்தனை நானோமீட்டரில் தீவுகள் தொடுகின்றன என்பது தொழிற்சாலைக்குப் பணம் சார்ந்த கேள்வி. ஒரு நானோமீட்டர் வெள்ளியை மிச்சப்படுத்தினாலும் லாபம்தான்.

அந்தக் கேள்விக்கு விடை தருவதாகச் சொல்லும் முறைகளில் முன்னணியில் இருப்பது சாய்கோணச் சிறுகோணச் சிதறல். ஆய்வகங்களில் அதைச் சுருக்கமாக ஜிசாக்ஸ் என்கிறார்கள். ஓட்டாஞ்சில்லைக் குளத்து நீரின் மேல் மிகச் சாய்வாக எறிந்தால் அது மூழ்காமல் தத்திப் போகிறதே, அதுபோல எக்ஸ் கதிரையும் ஒரு பரப்பின் மீது கிட்டத்தட்டக் கிடையாகச் செலுத்தினால் உள்ளே நுழையாமல் முழுமையாகத் திரும்பிவிடும். இப்படித் திரும்புவதற்கான எல்லைக் கோணம் எட்டு கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட கதிருக்கு சிலிக்கானில் சுமார் 0.22 பாகை, பாலிஸ்டைரீன் போன்ற பாலிமரில் இன்னும் குறைவு, தங்கத்தில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். எல்லைக் கோணத்துக்குக் கீழே கதிர் சில நானோமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். சற்று மேலே போனால் மைக்ரோமீட்டர் கணக்கில் இறங்கும்.

சாய்வான வழியால் இரண்டு ஆதாயங்கள் உண்டு. செங்குத்தாக நுழையும் கதிருக்கு நூறு நானோமீட்டர்ப் பூச்சு கண்ணில் படாத தூசிதான். 0.2 பாகையில் நுழைந்தால் அதே பூச்சுக்குள் கதிர் கடக்கும் பாதை ஏறத்தாழ 286 மடங்கு நீள்கிறது. கதிரின் தடமும் நீள்கிறது: 20 மைக்ரோமீட்டர் உயரமுள்ள கதிர், சாம்பிளின் மீது ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு விரிகிறது. கதிரின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்றும், துகள்கள் பத்து நானோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன என்றும் கொண்டால், ஒரே நேரத்தில் 500 கோடிக்கு மேற்பட்ட துகள்கள் சாட்சி சொல்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணுபவர் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் துகள்களோடு நிறுத்திக்கொள்வார்.

சிறுகோணச் சிதறலின் வரலாற்றில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு. திரவங்கள் எக்ஸ் கதிரைச் சிறு கோணங்களில் எப்படிச் சிதறடிக்கும் என்பதை, அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தோடு இணைத்து 1923-லேயே கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. ஆர். ராமநாதனும் எழுதினார்கள். அதை அளவீட்டு முறையாக்கியவர் 1930-களின் இறுதியில் பிரான்சின் ஆந்த்ரே கினியே. அலுமினியம் செம்புக் கலவையில் நானோமீட்டர் அளவிலான செம்புத் திரள்களை அவர் கண்டதும் அதே காலத்தில்தான். சாய்கோண வடிவம் வெகு பின்னால் வந்தது. 1989-ல் லெவைன், கோஹன் முதலிய நால்வர், கண்ணாடி மீது படிந்த தங்கத் தீவுகளைக் கொண்டு அதை அறிமுகப்படுத்தினார்கள். முதல் நாளிலிருந்தே தீவுப் படலத்தின் கேள்விக்காகப் பிறந்த முறை என்று சொல்லலாம்.

சிக்கலும் பிறவியிலேயே வந்தது. சாதாரணச் சிறுகோணச் சிதறலில் கதிர் உள்ளே போகிறது, ஒருமுறை சிதறுகிறது, வெளியே வருகிறது. கணக்கு எளிது. சாய்கோணத்தில் அடிப்பரப்பு கண்ணாடிபோல் எதிரொளிக்கும் ஒன்று. கதிர் நேராகத் துகளில் சிதறலாம். முதலில் பரப்பில் பட்டுத் திரும்பிப் பிறகு சிதறலாம். சிதறிய பிறகு பரப்பில் படலாம். முன்னும் பின்னும் இருமுறை படலாம். இந்த நான்கு வழிகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு டிடெக்டரில் ஒரே உருவாகப் பதிகின்றன. இதைக் கையாளும் கணிதத்துக்கு அடித்தளம் இட்டது சுனில் சின்ஹாவும் மூன்று கூட்டாளிகளும் 1988-ல் சொரசொரப்பான பரப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரை. துகள்களுக்கு அது 1990-களில் விரிந்தது. ரெமி லஸாரி 2002-ல் வெளியிட்ட மென்பொருளும், பின்னர் ஜெர்மனியில் உருவான போர்ன்அகெய்ன் என்ற இலவச மென்பொருளும் அதை எல்லார் கைக்கும் கொண்டு சேர்த்தன.

நான்கு வழிகளின் குறுக்கீடு பெரிதும் பாதிப்பது செங்குத்துத் திசையைத்தான். கிடைத்திசையில் பாதிப்பு குறைவு. பரப்புக்கு இணையான திசையில் துகள்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை, எல்லைக் கோணத்தில் தோன்றும், யோனெடா 1963-ல் கண்ட வெளிச்சக் கோட்டின் ஓரமாக ஒரு வெட்டு எடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்டக் கலப்படமின்றிப் பெறலாம். துகளின் உயரமும் அது பூச்சுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் அப்படி அல்ல. அவை பூச்சின் தடிமன், அடர்த்தி, சொரசொரப்பு, கதிர் நுழையும் கோணம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கின்றன. கோணம் ஒரு பாகையின் நூறில் சில பங்கு பிசகினாலே கதிர் இறங்கும் ஆழம் தலைகீழாக மாறும் இடம் அது. பிளாஸ்டிக் தாளின் மீது பூசிய சாம்பிள் சற்று வளைந்திருந்தால் போதும், ஆழம் பற்றிய கணக்கு அவ்வளவுதான்.

ஒரு நல்ல ஆய்வை எடுத்துச் சோதிப்போம். மோசமான ஆய்வைத் தாக்குவதில் பயன் இல்லை. ஹாம்பர்க் நகரில் 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெட்ரா-3 என்ற சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் மூலத்தில், பி-03 என்ற கதிர்த்தடத்தில், ஷ்வார்ட்ஸ்கோப்பும் குழுவினரும் சிலிக்கான் மீது தங்கத்தை ஸ்பட்டர் முறையில் படியவைத்து, படியப் படியவே சிதறலைப் பதிவு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். கருத்திரள் உண்டாவது, தீவுகள் நகர்ந்து இணைவது, பிறகு அடர்ந்து படலமாவது என்ற வரிசை முழுவதும் ஒரே ஓட்டத்தில் கிடைத்தது. நுண்ணோக்கியால் இது ஆகாது. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு சாம்பிள் செய்து, நிறுத்தி, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நிறுத்திய நேரத்துக்குள் தங்கம் நகர்ந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிசாக்ஸுக்கு ஆய்வகத்தில் நிரந்தர இடம் தரலாம்.

ஆரத்துக்கு அவர்கள் கைக்கொண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. தீவுகள் அரைக்கோளங்கள், அறுகோண ஒழுங்கில் நிற்கின்றன என்று கொள்கிறார்கள். படிந்த தங்கத்தின் சராசரித் தடிமன் தெரியும். சிதறல் முகட்டின் இடத்திலிருந்து தீவுகளின் இடைவெளி தெரியும். இரண்டையும் வைத்து ஒரு தீவின் பங்குக்கு எவ்வளவு தங்கம் என்று கணக்கிட்டால் ஆரம் வந்துவிடும். கடினமான கணினிப் பொருத்தலைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. என்ன எடுத்துக்கொண்டோம் என்பது வெளிச்சத்தில் இருக்கிறது. வாசகரே மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

மாற்றிப் போட்டுப் பார்ப்போம். முகடு, வழக்கமான கணக்கில், பத்து நானோமீட்டர் இடைவெளியைக் காட்டுகிறது என்றும், படிந்த தங்கம் சராசரியாக ஒரு நானோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அரைக்கோளம் என்றால் ஆரம் ஏறத்தாழ 3.5 நானோமீட்டர். அதே தங்கம் பரப்பை ஒட்டாமல் முழுக் கோளமாக நின்றால் 2.7. இன்னொரு நெளிவும் உண்டு. முகட்டின் இடத்தை அப்படியே இடைவெளியாக மாற்றும் எளிய வாய்பாடு, வரிசையாக நிற்கும் துகள்களுக்குச் சரி. ஒழுங்கான அறுகோண அடுக்குக்கு உண்மை இடைவெளி அதைவிட 15 விழுக்காடு கூடுதல். அதையும் சேர்த்தால் அரைக்கோளத்தின் ஆரம் 3.8 ஆகிறது. ஒரே முகடு, ஒரே தங்கம், ஆரம் 2.7 முதல் 3.8 வரை. ஆரத்தில் இது ஏறத்தாழ 40 விழுக்காடு வேறுபாடு. புள்ளியியல் பிழை என்று கட்டுரைகளில் போடும் சின்னஞ்சிறு கூட்டல் கழித்தல் குறி இதைத் தொடுவதே இல்லை. அந்தக் குறி, மாதிரி சரியாக இருந்தால் எவ்வளவு பிழை என்பதை மட்டுமே சொல்கிறது.

தொழிற்சாலையின் கேள்விக்கு வந்தால் வேறுபாடு இன்னும் பெருகும். தீவுகள் தொடும் கணம் என்பது விட்டம் இடைவெளிக்குச் சமமாகும் கணம். பத்து நானோமீட்டர் இடைவெளி மாறாமல் இருப்பதாகக் கொண்டால், அரைக்கோளங்கள் மூன்று நானோமீட்டர் சராசரித் தடிமனில் தொடும். முழுக் கோளங்கள் ஆறு நானோமீட்டரில். அளவீட்டில் எந்த வேறுபாடும் இல்லாமல் விடை இரட்டிப்பாகிறது. பூச்சுத் தொழிலில் இருப்பவர் இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பல கட்டுரைகளை வேறு கண்ணோடு படிப்பார்.

அப்படியானால் வடிவத்தைச் சிதறலால் ஒருபோதும் அறிய முடியாதா? முடியும். அதற்கான சான்றை 2003-ல் ஜில் ரெனோவும் குழுவினரும் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். மக்னீசியம் ஆக்சைடு ஒற்றைப் படிகத்தின் மீது பல்லேடியம் வளர்வதை நேரடியாகக் கவனித்த ஆய்வு அது. பல்லேடியத் துகள்கள் படிகத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு ஒரே திசையில் நிற்கின்றன. ஆகவே அவற்றின் பட்டை முகங்கள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்து, சிதறல் உருவில் 54.7 பாகையில் தனிக் கீற்றுகளாக நீள்கின்றன. சாம்பிளைத் திருப்பினால் கீற்று மறையும், மீண்டும் திருப்பினால் தோன்றும். இங்கே வடிவம் எடுத்துக்கொண்டது அல்ல, உருவிலேயே எழுதியிருப்பது. எனக்குத் தெரிந்தவரை இந்த முறையின் உச்சம் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான்.

அந்த வெற்றியின் புகழை வைத்துக்கொண்டு கண்ணாடி, பாலிமர், ஆக்சைடு போன்ற ஒழுங்கற்ற பரப்புகளின் மீதும் வடிவத்தை அறிவிப்பதுதான் தவறு. அங்கே துகள்கள் எந்தத் திசையிலும் திரும்பி நிற்கின்றன; அளவும் சீராக இல்லை. துகள்களின் அளவு வேறுபாடு 15, 20 விழுக்காடு ஆனாலே கோளத்தையும் கனசதுரத்தையும் பிரித்துக்காட்டும் சிற்றலைகள் பெரும்பாலும் மங்கிவிடும். மங்கிய வளைகோட்டுக்குக் கோளமும் பொருந்தும், தட்டையான கோளமும் பொருந்தும், உருளையும் பொருந்தும்.

அளவின் சராசரியையும் எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். ஒரு துகளின் சிதறல் அதன் கனஅளவின் இருபடிக்கு, அதாவது ஆரத்தின் ஆறாம் படிக்கு, ஏற்ப இருக்கிறது. பத்து நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு துகள், ஐந்து நானோமீட்டர்த் துகள் அறுபத்து நான்கின் குரலில் பேசும்; ஒரு நானோமீட்டர்த் துகள்கள் என்றால் அவற்றில் பத்து லட்சத்தின் குரலில் பேசும். 500 கோடி சாட்சிகள் என்று முன்னே பெருமையாகச் சொன்னேன். அந்தச் சபையில் பெரியவர்கள் பேச்சுத்தான் கேட்கும். நுண்ணிய துகள்கள்தான் வேலை செய்கின்றன என்று நம்பப்படும் கிருமிநாசினிப் பூச்சுகளில் இது சிறு விஷயம் அல்ல.

பொருளும் முக்கியம். எக்ஸ் கதிர் காண்பது எலக்ட்ரான் அடர்த்தியின் வேறுபாட்டை. பாலிமருக்குள் தங்கம் இருந்தால் அந்த வேறுபாடு மலையளவு. அதே பாலிமருக்குள் அதே அளவுள்ள சிலிக்கா துகளின் சிதறல் 150 மடங்குக்கும் மேல் பலவீனமாக இருக்கும். தங்கத்தில் நிரூபித்ததைக் காட்டி, சிலிக்கா கலந்த வார்னிஷுக்கும் அதே நுட்பம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் தடை ஒன்று உண்டு. கட்டுரைகளில் அதை அரிதாகவே பேசுகிறார்கள். காலியான வெளியில் தங்கத் துகள் தரும் சிதறலும், தங்கப் படலத்தில் அதே வடிவத் துளை தரும் சிதறலும் ஏறத்தாழ ஒன்றே. ஒளியியலில் பாபினே தத்துவம் என்று இதைப் படித்திருப்போம். தீவுகள் நெருங்கி இணையும் கட்டத்தில் படலம் துகள்களால் ஆனது என்ற நிலையிலிருந்து துளைகளால் ஆனது என்ற நிலைக்கு மாறுகிறது. எந்தக் கணத்தை அறிய வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ, அந்தக் கணத்தில்தான் சிதறலின் முகட்டுக்குத் துகளும் துளையும் வேறுபாடின்றிப் போகின்றன. அரைக்கோள மாதிரியை அந்த எல்லை தாண்டியும் இழுத்துக்கொண்டு போனால் எண்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பொருள்தான் இருக்காது.

மறுதரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். மாதிரியைச் சாராத அளவீடு எதுவும் அறிவியலில் இல்லை. நுண்ணோக்கிப் படமும் துகளின் நிழலைத்தான் காட்டுகிறது. அணுவிசை நுண்ணோக்கியின் முனை துகளைப் பக்கவாட்டில் தடிமனாக்கிக் காட்டும், பூச்சுக்குள் புதைந்ததை அதனால் பார்க்கவே முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. அணுவிசை நுண்ணோக்கி அகலத்தில் பிசகினாலும் உயரத்தில் நம்பகமானது. ஜிசாக்ஸ் இடைவெளியில் உறுதியானது, உயரத்தில் தள்ளாடுவது. இரண்டையும் ஒரே சாம்பிளில் செய்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு, குறை எல்லாருக்கும் உண்டு என்று சொல்வது பதிலாகாது.

மென்பொருள் எளிதானதிலும் இரு பக்கம் இருக்கிறது. முன்பு மாதக்கணக்கில் எழுதவேண்டிய கணக்கை இன்று மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் ஓட்டிவிடுகிறார். அளபுருக்களைத் தளர்த்தி விட்டால் எந்த உருவும் பொருந்தும். இயந்திரக் கற்றலும் இதற்கு மருந்து அல்ல. அரைக்கோளங்களைக் கொண்டு உருவாக்கிய செயற்கை உருக்களில் பயின்ற நிரல், பார்க்கும் இடமெல்லாம் அரைக்கோளத்தைத்தான் காணும். அதே எளிமை மறுபக்கத்துக்கும் உதவும்: இரண்டாவது, மூன்றாவது மாதிரியை ஓட்டிப் பார்ப்பதும் இன்று ஒரு பிற்பகல் வேலைதான். அதைச் செய்யாமல் விட இனி யாருக்கும் சாக்கு இல்லை.

என் தீர்ப்பு இது. பரப்புக்கு இணையான இடைவெளி, அது காலத்தோடு மாறும் விதம், ஒரே கருவியில் ஒரே முறையில் எடுத்த இரு சாம்பிள்களுக்கு இடையிலான வேறுபாடு ஆகிய மூன்றிலும் ஜிசாக்ஸை மிஞ்சும் முறை இல்லை, தயங்காமல் ஏற்கலாம். ஆரத்தை, எதை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தால், ஒரு வரம்பாக ஏற்கலாம். ஒற்றை எண்ணாக அல்ல. ஒழுங்கற்ற பரப்பின் மீதுள்ள துகளின் வடிவத்தையும் பூச்சுக்குள் அதன் ஆழத்தையும், வேறொரு அளவீட்டின் துணையின்றி ஏற்கக்கூடாது. அந்தத் துணை பெரிய செலவு பிடிப்பதும் அல்ல. அதே சாம்பிளில் எடுத்த எக்ஸ் கதிர் எதிரொளிப்பு அளவீடு தடிமனையும் அடர்த்தியையும் கட்டிப்போடும். இறுதி நிலையில் ஒரு நுண்ணோக்கிப் படம் வடிவத்தைக் கட்டிப்போடும். பூச்சை மெல்லிய தாளின் மீது போட முடியுமானால், சாய்கோணத்தையே விட்டுவிட்டுக் கதிரை நேராக ஊடுருவ விடுவது நல்லது. நான்கு வழிகளின் குழப்பம் ஒன்றாகக் குறையும். தங்கமா, பாலிமரில் விழுந்த ஓட்டையா என்ற ஐயம் இருந்தால், தங்கத்தின் உட்கவர் விளிம்பான 11.92 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிக் கதிரின் ஆற்றலை மாற்றிப் பார்க்கலாம். தங்கத்தின் பங்கு மாறும், மற்றவை அநேகமாக அசையாது. தங்கப் படலத்திலேயே விழுந்த துளைக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே துகளும் துளையும் சேர்ந்தே மாறும்.

தீவுகள் எப்போது தொட்டன என்ற கேள்விக்கு மட்டும் சிதறலை நான் முதல் சாட்சியாக அழைக்கமாட்டேன். படலத்தின் இரு ஓரங்களில் இரண்டு மின்முனைகளைப் பொருத்தி, உலோகம் படியும்போதே மின்தடையை அளந்தால், தொடர்ச்சி உண்டாகும் கணத்தில் அது சரிந்து காட்டிவிடும். அதற்கு அரைக்கோளமும் வேண்டாம், அறுகோணமும் வேண்டாம். சிதறலோடு சேர்த்து அந்த மின்தடையையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யாத ஆய்வு அறிவிக்கும் தொடுகைத் தடிமனை, எந்தச் சின்க்ரோட்ரானிலிருந்து வந்தாலும், உற்பத்திக்கான எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.